மீசை வைத்த சாலைகள்

சென்னையில் ஔவைக்கு ஒரு சாலை இருக்கிறது. ராயப்பேட்டையில் பழைய லாயிட்ஸ் ரோடு. பலகையில் 'அவ்வை சண்முகம் சாலை' என்றிருக்கும். இந்த ஔவை ஓர் ஆண். டி.கே.சண்முகம் என்ற பெரிய நாடக நடிகர், ஔவையார் வேடம் கட்டி ஊரையே அசத்தியதில் அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நல்ல கலைஞர். சாலைக்குத் தகுதியானவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரின் மனசை அந்த ஒரே பலகை சொல்லிவிடுகிறது. கிழவியாக நடித்தால் சாலை. அசல் கிழவிக்கு, 1968-ல் கடற்கரையில் ஒரு சிலை. வெயிலில் நிற்கிறாள்.

அதே சாலையில் ஒரு கட்சி அலுவலகம் உண்டு. அ.தி.மு.க. தலைமைக் கழகம். அந்த இடத்தைக் கட்சிக்குக் கொடுத்தவர் எம்.ஜி.ஆரின் மனைவி வி.என்.ஜானகி. 1988 ஜனவரியில், ஒரு மாதம்கூட நீடிக்காத ஆட்சியானாலும், தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கட்டடத்திலிருந்து கட்சியை ஆட்டிவைத்தவரும் ஒரு பெண், ஜெயலலிதா. கட்சிக்குப் பொன்விழா வந்தது 2021-ல். கட்டடத்துக்குப் பெயர் வைத்தார்கள். 'புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். மாளிகை.' கொடுத்தவர் மனைவி. ஆண்டவர் அம்மா. பெயர் ஐயா.

நகரத்தில் பெண் பெயரே இல்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மாநகராட்சி கோபித்துக்கொள்ளும். எத்தனையோ உண்டு. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெரு. திரௌபதி அம்மன் கோயில் தெரு. காளியம்மன், பொன்னியம்மன், எல்லையம்மன் என்று பேட்டைக்குப் பேட்டை அம்மன்கள். ஆகவே விதி தெளிவாக இருக்கிறது. கல்லாக இருக்க வேண்டும். நான்கு கையாவது இருக்க வேண்டும். ஒரு கையில் சூலம் இருந்தால் கோப்பு சீக்கிரம் நகரும்.

கல்லாக முடியாதவர்கள் தாயாகலாம். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசைப் பகுதிகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆரின் தாய் பெயரில் அன்னை சத்யா நகர், பிறகு அன்னை இந்திரா நகர். தலைவரைப் பெற்றால் ஒரு நகர் உறுதி. என்ன நகர், எந்தச் சாக்கடைக்குப் பக்கத்தில் என்றெல்லாம் கேட்கக் கூடாது. தாய்மைக்கு விலை பேசலாமா?

தாயாகவும் முடியாவிட்டால் மனைவி. மகாலிங்கபுரத்தில் லேடி மாதவன் சாலை இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி சர் சி.மாதவன் நாயரின் மனைவி அவர். அம்மையாருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா? பலகையில் தேடாதீர்கள். இன்னொன்று, மந்தைவெளிப் பக்கம் ராணி அண்ணாதுரை தெரு. கணவருக்கு நகரத்தின் முதுகெலும்பான அண்ணா சாலை. மனைவிக்கு ஒரு தெரு. ஹாலில் அவர் படம், அடுப்பங்கரையில் இவர் படம் என்று மாட்டும் அதே அளவுகோல். சாலை போடும்போதும் நாம் வீட்டை மறப்பதில்லை.

நியாயமாகப் பேசுவோம். பெசன்ட் நகர் இருக்கிறது. லண்டனில் பிறந்து வந்த அன்னி பெசன்ட் ஒரு வட்டாரத்தையே எடுத்துக்கொண்டார். கஸ்தூரிபாய் நகர் இருக்கிறது. இந்திரா நகர் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து சட்டம் பேசிய துர்காபாய் தேஷ்முக்குக்கு ஆந்திர மகிள சபா இருக்கும் இடத்தில் ஒரு சாலை. ஆழ்வார்பேட்டையில் அம்புஜம்மாள் தெரு. ஆச்சு. இதற்குமேல் சொல்ல உங்களுக்கும் எனக்கும் யோசனை தேவைப்படுகிறது பாருங்கள், அந்த யோசிக்கும் நேரம்தான் புள்ளிவிவரம். ஆண்களைச் சொல்லச் சொன்னால் மூச்சு வாங்காமல் பாரிமுனையிலிருந்து கிண்டிவரை ஒப்பிப்போம்.

இது தற்செயல் என்று நினைத்தால் தியாகராய நகருக்குப் போங்கள். 1920-களில் வெறும் நிலத்தில் கோடு போட்டு உருவாக்கிய பேட்டை அது. பழைய பெயர், பழைய வழக்கம் என்ற சாக்கு எதுவும் கிடையாது. சிலேட்டு சுத்தமாக இருந்தது. எழுதினார்கள். பிட்டி தியாகராயர் பெயரில் நகர். பனகல் அரசர் பெயரில் பூங்கா. உஸ்மான் சாலை, பசுல்லா சாலை, டாக்டர் நாயர் சாலை, ஜி.என்.செட்டி சாலை. கட்சிக்காரர், கவுன்சிலர், கனவான் என்று ஒருவர் விடாமல் இடம் பிடித்தார்கள். இதில் ரசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்து, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுக்கெல்லாம் வழிகாட்டியது இதே சென்னை, இதே நீதிக்கட்சி ஆட்சி. ஓட்டுப் போட வா அம்மா என்றார்கள். ஓட்டுச்சாவடிக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்டிருந்தால், உஸ்மான் சாலையில் திரும்பு என்றிருப்பார்கள்.

பெண்கள் படிக்கக் கல்லூரி வைத்தாலும் சாலை ஆணுக்குத்தான். எழும்பூரில் எத்திராஜ் சாலை. வி.எல்.எத்திராஜ் தன் சொத்தைக் கொட்டி மகளிர் கல்லூரி ஆரம்பித்த புண்ணியவான், மறுக்கவில்லை. ஆனால் 1948-லிருந்து அந்தக் கேட்டுக்குள் நுழைந்து வெளியே வந்த பெண்களில் ஒருத்திகூடவா ஒரு முட்டுச்சந்துக்குத் தேறவில்லை?

எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்சி நடந்தது. தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது எம்.ஜி.ஆர். ஆட்சி. நல்ல எண்ணம். தார் டப்பாவோடு ஊழியர்கள் கிளம்பினார்கள். டாக்டர் நாயர் சாலையில் நாயரை அழித்தார்கள். மிச்சம் என்ன? 'டாக்டர் சாலை.' எந்த டாக்டர், என்ன வைத்தியம், ஒன்றும் தெரியாது. ஊர் சிரித்தது. ஆனால் அப்போதும் ஒன்றைக் கவனிக்கவில்லை. சாதியைச் சுரண்டினால் அடியில் ஆண் இருந்தான். அவனை யாரும் சுரண்டவில்லை. 2025 அக்டோபரில் மறுபடி ஓர் அரசாணை. சாதிப் பெயருள்ள தெருக்களுக்கெல்லாம் வேறு பெயர் வையுங்கள் என்று. ஆணை வந்த கையோடு கோவை அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம். சாதி ஒழிப்புக்குத் தரைமட்டத்தில்தான் அதிகாரம் போலிருக்கிறது. பாலத்தின் மேலே செல்லாது.

சரி, டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நிஜ டாக்டர் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். சென்னைச் சட்டசபையில் நுழைந்த முதல் பெண், அதன் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். ஔவை இல்லம் கண்டவர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியவர். இவருக்கு அடையாறில் சாலை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி சாலை. கேள்விப்பட்டதில்லையா? எல்.பி. ரோடு என்றால் தெரியும். லாட்டிஸ் பிரிட்ஜ் ரோடு. இரும்புச் சட்டம் பின்னிய ஒரு பழைய பாலத்தின் பெயர். மௌபரிஸ் ரோடு டி.டி.கே. சாலையானது, ஊர் பழகிக்கொண்டது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலையானது, பழகிக்கொண்டது; ஆர்.கே. சாலை என்று செல்லமாகச் சுருக்கியும் வைத்துக்கொண்டது. முத்துலட்சுமி மட்டும் நாக்கில் ஏறவில்லை. அதுவும் முழுச்சாலை இல்லை. திருவான்மியூர்ப் பக்கம் போனால் அதே எல்.பி. ரோடு கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலையாகிவிடும். புற்றுநோய்க்கு மருத்துவமனை கட்டினால் பாதிச் சாலை என்று கணக்கு.

கடற்கரைக்கு வாருங்கள். சாலையை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தைப் பார்ப்போம். ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த வட்டக் கட்டடம். 1897-ல் சுவாமி விவேகானந்தர் வந்து ஒன்பது நாள் தங்கினார். பிறகு அதே இடத்தில் சகோதரி சுப்புலட்சுமி குழந்தை விதவைகளைக் கூட்டிவந்து தங்கவைத்தார். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள். அக்கம்பக்கத்தில் யாரும் வீடு தரத் தயாராக இல்லாத காலம். பல ஆண்டுகள் அவர்களைச் சோறுபோட்டுப் படிக்கவைத்து, ஆசிரியைகளாக வெளியே அனுப்பினார். இன்று அந்தக் கட்டடத்தின் பெயர் விவேகானந்தர் இல்லம். சுவாமிகள் மீது பக்தி எனக்கும் உண்டு. அவரே கணக்குப் பார்த்திருந்தால் கூச்சப்பட்டிருப்பார். ஒன்பது நாள் தங்கினால் இல்லம். ஆயுளைக் கொடுத்தால் வாடகைக்கு இருந்தவர். அந்தச் சுப்புலட்சுமி தலைமை ஏற்று நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அதே கடற்கரையில்தான் இருக்கிறது. அதன் பெயர் லேடி வில்லிங்டன். கவர்னரின் மனைவி.

இதெல்லாம் பழங்கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பார் ஒருவர். மாறிய காலத்தைப் பார்ப்போம். 2022-ல் விருகம்பாக்கத்தில் ஒரு சாலை 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' ஆனது. 2023-ல் மந்தைவெளியில் டி.எம்.சௌந்தரராஜன் சாலை. 2025-ல் நுங்கம்பாக்கத்தில் எஸ்.பி.பி.க்கு ஒன்று. அதே ஆண்டு, அதே நுங்கம்பாக்கத்தில் கல்லூரிப் பாதை, ஜெய்சங்கர் சாலை ஆனது. எல்லாரும் நமக்குப் பிரியமானவர்கள். ஒருவர் பெயரையும் எடுக்கச் சொல்லவில்லை. கேட்பதெல்லாம் இதுதான். டி.எம்.எஸ். பாடிய டூயட்டுகளில் மறுபாதியைப் பாடியது யார்? எதிரொலியா? ஜெய்சங்கர் ஆடிப்பாடியது தென்னை மரத்தோடா? விவேக்குக்குச் சாலை வைத்த இடத்தின் பழைய பெயரைப் பாருங்கள். பத்மாவதி நகர் பிரதான சாலை. ஊரில் இருக்கும் நூறு ஆண் தெருவில் ஒன்று கிடைக்கவில்லை, தேடிப்பிடித்து ஒரு பத்மாவதியை எடுத்தார்கள். கல்லூரிப் பாதையின் அக்கம்பக்கத்தில், 1915-ல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல் முதல்வர் எலினார் மெக்டூகல். அவர் சினிமாவில் நடிக்கவில்லை. தவறு அவருடையது.

முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இல்லாததால்தான் இப்படி என்று ஒரு வாதம் உண்டு. அதுவும் போயிற்று. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. சென்னையில் 200 வார்டு, அதில் பாதி. மேயரும் பெண். தாரா செரியன் 1957-ல் இந்த நகரத்தின் முதல் பெண் மேயரானார். அவர் பெயரில் ஒரு பெரிய சாலை எங்கே என்று எந்த ஆட்டோக்காரரிடமாவது கேட்டுப் பாருங்கள். மீட்டர் போடாமலே கிளம்பிவிடுவார். இன்றைய மன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் வரும். மேசையைத் தட்டுவார்கள். தட்டும் கைகளில் வளையல் உண்டு. தட்டப்படும் பெயருக்கு மீசை உண்டு. வார்டுக்குப் போனால் இன்னும் தெளிவு. கவுன்சிலர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால், 'அண்ணன் உள்ளே இருக்காரு, என்ன விஷயம் சொல்லுங்க' என்பார்கள். அண்ணன் யார்? அம்மாவின் கணவர். ஓட்டு அம்மாவுக்கு. கையெழுத்து அம்மாவுக்கு. நாற்காலி அண்ணனுக்கு. தெருவுக்கு யார் பெயர் வைப்பது என்பதும் அண்ணன் தீர்மானிப்பார்.

இனி கொஞ்சம் கோபம்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர். 'பெரியார்' என்ற பட்டத்தை ஈ.வெ.ரா.வுக்குக் கொடுத்தது யார்? 1938 நவம்பர் 13. சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. நீலாம்பிகை அம்மையார் தலைமை. டாக்டர் தர்மாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் போன்றவர்கள் கூடியிருந்த இடம். அவர்கள் தீர்மானம் போட்டுக் கொடுத்த பட்டம் அது. நகரத்தின் மிக நீளமான சாலைகளில் ஒன்றின் பலகையில், பெண்கள் வைத்த பெயர் இருக்கிறது. வைத்த பெண்கள் எங்கே?

நலத்திட்டத்தில் இருக்கிறார்கள்.

இந்தி எதிர்ப்பில் சிறை சென்ற தர்மாம்பாள் பெயரில், விதவை மறுமண உதவித் திட்டம். மணியம்மையார், பெரியாருக்குப் பின் ஓர் இயக்கத்தையே தலைமை ஏற்று நடத்தியவர். அவர் பெயரில், ஏழை விதவையின் மகள் திருமணத்துக்கு உதவி. கருணாநிதியின் தாய் அஞ்சுகம் அம்மையார் பெயரில், ஒரு காலத்தில் கலப்புத் திருமண உதவி. முத்துலட்சுமி ரெட்டி பெயரில், மகப்பேறு உதவி. ராமாமிர்தம் அம்மையாரின் கதைதான் உச்சம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர், சுயமரியாதை இயக்கத்துக்காரர். அவர் பெயரில் 1989-ல் திருமண நிதியுதவி ஆரம்பித்தது. 2011-க்குப் பிறகு அதோடு சேர்த்து, தாலிக்குத் தங்கம். கேட்டிருந்தால் அந்த அம்மாள் தங்கத்தை மூஞ்சியில் எறிந்திருப்பார். அது உயர்கல்வி உதவித்தொகையாக மாற 2022 வரை ஆயிற்று.

ஆணுக்கு மேம்பாலம், பேருந்து நிலையம், நெடுஞ்சாலை. பெண்ணுக்குக் கல்யாணம், பிரசவம், கைம்பெண் உதவி. சாலை நூறு வருஷம் கிடக்கும். திட்டம் அடுத்த பட்ஜெட்வரை. ஜெயலலிதா இதைப் புரிந்துகொண்டு இட்லி, உப்பு, தண்ணீர், சிமென்ட் எல்லாவற்றிலும் 'அம்மா' என்று ஒட்டினார். ஆட்சி மாறிய 2021 மே மாதத்தில், முகப்பேரில் ஓர் அம்மா உணவகப் பலகையைப் பிய்த்து வீசினார்கள். திரும்ப மாட்டச் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணா சாலையின் பலகையைப் பிய்க்க யாராவது ஏணி கொண்டுபோவார்களா?

கண்ணகியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைச் சிலையை 2001-ல் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்து, 2006-ல் திரும்ப வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். இன்னொரு கண்ணகி துரைப்பாக்கத்தில் இருக்கிறாள். கண்ணகி நகர். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்த ஏழைகளைக் கொண்டுபோய்ப் போட்ட குடியிருப்பு. அந்த முகவரியைச் சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். அநியாயத் தீர்ப்புக்காக ஒரு நகரத்தை எரித்தவள் பெயரை, நகரம் துரத்திவிட்டவர்களுக்கு வைத்திருக்கிறோம். அவர்கள் கையில் தீப்பெட்டி கொடுக்காததுதான் பாக்கி.

சத்தியவாணி முத்து என்று ஒருவர் இருந்தார். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். பெரம்பூரின் சட்டமன்ற உறுப்பினர். மாநில அமைச்சர். தலித் மக்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று 1974-ல் சொந்தக் கட்சியைவிட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். 1979-ல் சரண்சிங் அமைச்சரவையில் மத்திய அமைச்சர். அந்தப் படியில் முதலில் கால்வைத்த திராவிட இயக்கத்தவர் இருவரில் ஒருவர். இந்தத் தகுதியில் பாதி இருந்த ஆண்களுக்கு இந்த ஊரில் வட்டச்சாலை, வளைவு, மணிமண்டபம் எல்லாம் உண்டு.

அரசு அவருக்கும் செய்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யட்டும் என்றதை எதிர்த்துச் சிறை போனவருக்கு, தையல் மிஷின்.

மக்களும் செய்தார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், கூவம் கரையில் தாங்கள் வாழ்ந்த இடத்துக்கு சத்தியவாணி முத்து நகர் என்று பெயர் வைத்தார்கள். எந்த அரசாணையும் இல்லாமல், எந்த மேசையையும் தட்டாமல் வைத்த பெயர். 2019 கடைசியில் ஜேசிபி வந்தது. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று வீடுகளை இடித்து, அரையாண்டுப் பரீட்சை நெருங்கும் பிள்ளைகளையும் சேர்த்து லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அடுக்குமாடிக்கு நம்பர் உண்டு. பெயர் கிடையாது. தையல் இயந்திரம் வேண்டுமானால் அந்தப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தையல் தெரியும் என்பதற்கு ஒரு சான்று. படிவத்தின் தலையில் சத்தியவாணி முத்து. அடுத்து விண்ணப்பதாரர் பெயர். அதற்கு நேர் கீழே, மறக்காமல் நிரப்ப வேண்டிய கட்டம்: தந்தை அல்லது கணவர் பெயர்.